புருஷன் வேஷம்

காடாம்புலியூர் தாண்டி உள்ளே போகும் மண்சாலையில்
முந்திரி உடைக்கும் கொட்டகை.
ஆறு மணிக்கு மேல் ஆட அனுமதி.
தலைவர் நோட்டீஸை இரண்டுமுறை படித்து
ஒரு சொல்லை மட்டும் பேனாவால் அடித்தார்.
மிச்சம் இருந்தது:
'நோய் விழிப்புணர்வு நாடகம், அனைவரும் வருக.'

கிருமி வேஷம் கொளஞ்சிக்கு.
கறுப்பு பனியன், தலையில் விளக்குமாற்றுக் குச்சிகள்.
அவன் துள்ளி வந்தாலே பிள்ளைகள் உருண்டு சிரிக்கும்.
புருஷன் வேஷம் எனக்கு.
ஒட்டு மீசை, லாரி சாவி,
விஜயவாடாவுக்கு மாசம் மூணு நடை.

பெண்கள் முன்னால், சாக்கு விரித்து.
முந்திரித்தோட்டு எண்ணெய் ஏறி
அனலில் வாட்டியதுபோல் கறுத்த விரல்கள்.
ஆண்கள் டிராக்டருக்குப் பின்னால்,
பார்க்காதவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டு.
ஆணுறை காட்டும் கட்டத்தில்
பத்து பீடி ஒரே நேரத்தில் பற்றியது.

கதை எளிது.
பெண்டாட்டிக்கு அரிப்பு, எரிச்சல், வெள்ளைப்பாடு.
உடம்புச் சூடு என்று மோர் குடிக்கிறாள்.
ஆறு மாசம் கழித்து நர்ஸிடம் போகிறாள்.
மாத்திரை. குணம்.
கொளஞ்சி செத்து விழ, பறை மூன்று அடி, கைத்தட்டல்.

அன்று கைத்தட்டல் வரவில்லை.
அஞ்சலாட்சி என்று பிறகு பெயர் சொன்னவள்
சாக்கிலிருந்து எழாமலே கேட்டாள்:
"இவ முழுங்கிட்டா, சரி.
அந்த ஆளு முழுங்குனாரா?"

செத்துக் கிடந்த கொளஞ்சி
ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.
நாற்பத்தோரு ஊர் ஆடியிருந்தோம்.

நர்ஸாக நடித்த தில்லைக்கரசி நிஜத்திலும் நர்ஸ்.
"ரெண்டு பேரும் சாப்பிடணும்.
இல்லன்னா திரும்ப வரும்" என்றாள்,
வேஷக் குரலை இறக்கிவைத்துவிட்டு.

"அத வூட்ல எப்பிடிச் சொல்றது?"

எங்களிடம் வசனம் இல்லை.
"புருஷன் இங்கதான நிக்கிறாரு,
சொல்லிப் பாத்துக்குறோம்" என்று எழுந்தாள் ஒருத்தி.

பிறகு ஒரு மணிநேரம் புருஷனாக நின்றேன்.
ஒருத்தி கெஞ்சினாள்.
ஒருத்தி பிள்ளைமேல் சத்தியம் வைத்தாள்.
ஒருத்தி என் மீசையைப் பார்த்துச் சிரித்தே முடித்தாள்.
"திட்டு, நெசமாத் திட்டு, அப்பத்தான் பழகும்."
திட்டினேன்.
என் வாயிலிருந்து வந்தவை
எந்தத் தாளிலும் எழுதியிராத வார்த்தைகள்.
யாருக்கும் அவை புதிதாகவும் இல்லை.

கடைசியாக ஒல்லியாய் ஒருத்தி
முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு வந்தாள்.
"ஏங்க" என்றாள். நின்றாள்.
மறுபடி "ஏங்க".
ட்யூப்லைட்டில் ஈசல்கள் மோதிக்கொண்டிருந்தன.
எட்டாவது "ஏங்க"வோடு
திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டாள்.
டிராக்டருக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

கடைசி பஸ்ஸில் மீசையைப் பிய்த்தேன்.
மேலுதடு எரிந்தது.

அடுத்த வாரம் தில்லைக்கரசி சொன்னாள்:
பண்ருட்டி ஆஸ்பத்திரிக்கு
அந்த ஊரிலிருந்து மூன்று ஆண்கள் வந்தார்களாம்.
மூவருக்கும் தலைவலியாம்.
தலைவலி மாத்திரையை வாங்கிய பிறகும்
சீட்டை மடித்து மடித்துப் பிரித்தபடி
பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்களாம்.