சத்தம் நிற்கும் இடம்

முதல் பனி விழுந்த மறுநாள் காலை
லியெக்சா ஊரே
என் பட்டறை வாசலில் வரிசையில் நிற்கிறது,
எஞ்சினை அணைக்காமல்.
நேற்றுவரை ஒருவருக்கும் நினைவில்லை
குளிர்காலம் என்று ஒன்று உண்டென்று.

பதினான்காவது வண்டி ஹில்க்காவுடையது.
கடுகு நிறம். சின்னது.
இருவர் உட்கார்ந்தால்
மூன்றாமவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
பின்சீட்டில் கம்பிச் சுருள்கள்,
கம்பளி சுற்றிய குட்டிச் சுத்தியல்கள்.
பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவள்.
நுர்மெஸ், குஹ்மோ, இலோமன்ட்சி,
எந்தத் தேவாலயத்தில், எந்தப் பள்ளிக்கூடத்தில்
ஹீட்டர் வெப்பத்தில் சுருதி இறங்கிக் கிடக்கிறதோ
அங்கே போவாள்.

பழைய டயரின் பள்ளத்தில் காசை நிறுத்திக் காட்டினேன்.
விளிம்பைக்கூட மறைக்கவில்லை.
பாதி ஆணிகள் பல்லாய் உதிர்ந்திருந்தன.
பக்கவாட்டில் நான்கு எண்கள்,
பிறந்த வாரமும் வருடமும்.
"பத்து வயது. ரப்பர் இறுகிவிட்டது.
நகத்தால் அழுத்திப் பாருங்கள்."
அழுத்தவில்லை.
விரல் கணுவால் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்தாள்.
"ஆமாம், செத்துவிட்டது."

மறுபடி ஆணி டயரே போடுங்கள் என்று
ஆணித்தரமாகச் சொன்னேன்.
முப்பது வருடமாக இதைத்தான் சொல்கிறேன்,
மேசையைத் தட்டித் தட்டி:
குஹ்மோ சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி,
வளைவில் ஒரு கடமான்,
உங்கள் வண்டியோ தீப்பெட்டி.

"எண்பதில் போனால் அது பாடுகிறது, ஓஸ்மோ.
மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில்,
இரண்டிலும் சேராமல்.
இரண்டு மணி நேரம் அதைக் கேட்டுவிட்டு
இறங்கி ஒரு கட்டையைத் தொட்டால்
எந்தப் பியானோவும் பொய் சொல்கிறது."

விலை என்பார்கள், பெட்ரோல் என்பார்கள்,
மச்சான் சொன்னான் என்பார்கள்.
இப்படி ஒரு புகார்
இந்தப் பட்டறை கேட்டதில்லை.

சரி, ஆணி இல்லாதது.
அகலம் வேண்டாம், அது பனிமேல் மிதக்கும்;
ஒல்லியானது வெட்டிக்கொண்டு போய்த் தரையைத் தேடும்.
ஜாக்கியில் வண்டி ஒரு முழம் எழுந்தது.
துரு தேய்த்தேன், அம்புக்குறி பார்த்தேன்,
நட்டுகளை எதிரெதிராக முடுக்கினேன்.
டக். டக். டக். டக்.
"மூன்றாவது மட்டும் அவசரப்பட்டுச் சொன்னது" என்றாள்
வாசலில் காப்பியோடு நின்றபடி.
கழற்றினேன். மரையில் மண்.
துடைத்து மாட்டினேன்,
அவள் முகத்தைப் பார்க்காமல்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் வாருங்கள்,
நட்டுகளை ஒருமுறை பார்க்கணும்.
எல்லாரிடமும் சொல்வேன். யாரும் வருவதில்லை.

அவள் வந்தாள்.
"ஈரச் சாலை பேசிக்கொண்டே வருகிறது,
சக்கரத்தடியில், வாணலியில் வெங்காயம் போல.
குஹ்மோவுக்குப் பதினோரு கிலோமீட்டர் இருக்கையில்
சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டது.
தண்ணீர் அப்படியேதான் மின்னியது.
சத்தம் மட்டும் இல்லை.
காலை எடுத்துவிட்டேன். பிரேக்கைத் தொடவில்லை.
முன்னால் போன பால் லாரி
மெதுவாக, மிக மரியாதையாக,
பள்ளத்துக்குள் இறங்கியது.
டிரைவர் கதவைத் திறந்து
என்னைப் பார்த்துக் கையாட்டினார்."

நான்கு சக்கரத்திலும் சோதித்தேன்.
எதுவும் தளரவில்லை.
காசு வாங்கவில்லை.

அன்றிரவு ஏரியோரச் சாலையில்
ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டினேன்.
என் ஆணிகள் ர்ர்ர் என்று அரைத்துக்கொண்டே வந்தன.
மத்திமமா பஞ்சமமா, எனக்கெங்கே தெரியும்.
அதற்கும் கீழே
சாலை ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் முதலில் வந்தவரிடமும்
ஆணி டயர்தான் சொன்னேன்.
மேசையை மட்டும் தட்டவில்லை.