தரைவிரிப்பு

எங்கள் ஊர் இருப்பது நியூ சவுத் வேல்ஸில்.
கடிகாரம் மட்டும் தெற்கு ஆஸ்திரேலியாவில்.
சிட்னிக்கு ஏழு மணி என்றால் எங்களுக்கு ஆறரை.
ஆகவே புரோக்கன் ஹில்காரி ஒருத்தி
அடிலெய்டில் கார் வாங்குவது
அப்படியொன்றும் துரோகமில்லை என்று
ஆறு வாரம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

துரோகத்துக்கு ஒரு பெயர் இருந்தது:
மெர்வின் பெங்கெல்லி.
ஊரில் கார் விற்பவர்.
சனிக்கிழமை நெட்பாலில் ஒரே பெஞ்சில்
அவர் ஒரு அணிக்கும் நான் ஒரு அணிக்கும்
புள்ளி எழுதுவோம்.
ஃபிளாஸ்க் மூடியில் பாதித் தேநீர் எனக்கு.
அவர் சொன்ன விலைக்கும் அடிலெய்டு விலைக்கும் நடுவே
மூவாயிரத்து இருநூறு டாலர்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
எங்கள் ஊரில் ஆறும் இல்லை.

தொலைபேசியில் டார்கோவின் குரல் ஐம்பது வயதுக் குரல்.
நேரில் பார்த்தால்
மீசை இன்னும் முடிவெடுக்காத பையன்.
"எவ்வளவு தூரம் உங்க ஊர்?"
ஐந்நூற்றுப் பத்து கிலோமீட்டர் என்றேன்.
ஏதோ நான் அதைக் குறைக்க மறுத்ததுபோல் பார்த்தான்.

போகிற வழியில், ஊட்லா வீராவில்,
பழ ஈ பரிசோதனைச் சாவடி.
பையில் இருந்த நான்கு மாண்டரின்களைக்
குப்பையில் போட மனம் வராமல்
அதிகாரியின் முன்னாலேயே நின்று
நான்கையும் தின்றேன்.
தோலை மட்டும் வாங்கிக்கொண்டார்,
ரசீது இல்லாமல்.

பழைய ஃபால்கனை அங்கேயே விட்டேன்.
டார்கோ கதவைத் திறந்தபோது
ரப்பர் இடுக்கிலிருந்து
எங்கள் ஊர்ச் செம்மண் ஒரு பிடி
அவன் பளிங்குத் தரையில் கொட்டியது.
மன்னிப்புக் கேட்டேன்.
எதற்கென்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

புதுக் காருக்கு நம்பர் பிளேட் இல்லை.
கண்ணாடியில் ஒட்டிய தற்காலிக அனுமதிச் சீட்டு,
அதில் என் பெயர், நாள், செல்லும் வழி.
முத்திரைத்தாள் வரி என் மாநிலத்துக்கு,
லாபம் அவன் மாநிலத்துக்கு,
பெட்ரோல் வழிநெடுக எல்லோருக்கும்.

யுன்டாவில் பொழுது சாய்ந்தது.
அந்தி நேரத்துக் கங்காருக்களுக்குப்
புதுசு பழசு தெரியாது.
அறை எடுத்தேன்.
இரவில் மூன்று முறை எழுந்து
ஜன்னல் வழியே காரைப் பார்த்தேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல்.
அது நன்றாகத்தான் தூங்கியது.

காலை ஏழே முக்கால்.
எல்லைக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர்.
எதிரே மூன்று பெட்டி இழுத்த லாரி.
ஒரே ஒரு கல்.
டிக்.
கண்ணாடியில், என் கண்ணுக்கு நேராக,
பட்டாணி அளவில் ஒரு நட்சத்திரம்.

டார்கோவை அழைத்தேன்.
கல்லுக்கு வாரண்டி இல்லை என்றான்,
மிகவும் மரியாதையாக.

ஊருக்குள் பின்தெரு வழியாக நுழைந்தேன்.
ஒன்பது நாள் காரை ஷெட்டில் வைத்தேன்.
பத்தாம் நாள் வேலைக்குப் போயே ஆகவேண்டும்.
விரிசலுக்கோ ஒரு கால் முளைத்திருந்தது.
நூறு மைல் சுற்றளவில்
பிசின் ஊற்றி அடைக்கும் கருவி
ஒரே ஒரு ஆளிடம்தான்.

மெர்வின் வெளியே வந்தார்.
காரை ஒரு சுற்று சுற்றினார்.
பின்பக்கம், ஸ்டிக்கரில்,
அடிலெய்டுக் கடையின் பெயரை
உதடு அசையாமல் வாசித்தார்.
பிறகு கண்ணாடியில் சாய்ந்து
அரை மணி நேரம் வேலை பார்த்தார்.
நான் என் கைப்பையின் ஜிப்பைத்
திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு, மெர்வ்?"
துணியில் விரல்களைத் துடைத்தார், ஒவ்வொன்றாக.
"தரைவிரிப்பு இனாமாகக் கொடுத்தார்களா, ப்ரான்?"
இல்லை.
நூற்று எண்பது டாலர் வாங்கினான் என்றேன்.

அப்போதுதான் சிரித்தார்.
அந்தச் சனிக்கிழமை
ஃபிளாஸ்க் மூடியில்
கால்வாசித் தேநீர்.