பத்தொன்பதாவது மூட்டை

பியாப்போனில் எந்தக் கல்யாணம் என்றாலும்
நலுங்கு முடிந்த கையோடு அந்தப் பாட்டு வந்துவிடும்.
"பதினெட்டு போனதய்யா படகோரம் நின்னவரே"
ஒருத்தி எடுப்பாள்.
அடுத்த அடிக்கு முன்னால்
பந்தலே சேர்ந்து "க்கும்" என்று இருமும்.
அப்புறம்தான்
"அதுக்குள்ள போனதென்ன, ஆருக்குத் தெரியும் சொல்லு."

காதலன் காட்டும் சாடையாம் அந்த இருமல்,
வேலிக்கு அந்தப்பக்கம் நின்று.
ரங்கூனிலிருந்து டேப் ரிக்கார்டரோடு வந்தவர்
அப்படித்தான் எழுதிக்கொண்டு போனார்.
நான் தேநீர் கொடுத்தேன். வாய் திறக்கவில்லை.

அது என் அப்பாவின் இருமல்.

சீனன் மில்லில் கிராணி செவத்தையா.
ஜெட்டிப் பலகை முனையில் முக்காலி போட்டு
சம்பானுக்குப் போகும் அரிசி மூட்டையை எண்ணுவார்.
ஒன்று என்று சொல்லமாட்டார்;
லாபம், ரெண்டு, மூணு.
மூட்டைக்கு ஒரு மூங்கில் குச்சி,
குச்சிக்குத்தான் கூலி.
பதினெட்டு வந்ததும் தொண்டை கமறும்.
அந்த இருமலுக்குள்
ஒரு முதுகு குனிந்து கடந்துவிடும்
குச்சி வாங்காமல்.
அதற்கடுத்த முதுகுதான் பத்தொன்பது.

சாக்குத் தைக்கிற ஒச்சம்மா
கோணி ஊசியைப் பல்லில் கடித்தபடி
ஓர் அறுப்புக் காலம் முழுக்க இதைக் கேட்டாள்.
பேசினால் சீட்டுக் கிழியும்.
பாடினால்?
அவள் எடுத்தாள், சுமக்கிறவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.
அந்த இடம் வந்ததும் அப்பாவுக்கு முன்னால்
அறுபது பேர் இருமினார்கள்.
அவர் கை தானாகக் குச்சியை நீட்டியது.

மறுவாரம் முதல் பன்னிரண்டில் இருமினார்
என்று சொல்வாரும் உண்டு.

என் கல்யாணத்திலும் பாடினார்கள்.
மணவறைத் தூணைப் பிடித்து நின்றிருந்தார் அப்பா.
அரிசித் தூசி நெஞ்சில் குடியேறிய வயசு.
பாட்டு அங்கே வந்தபோது
நிஜமாகவே இருமல் வந்துவிட்டது.
பந்தல் சிரித்து ஓய்ந்தது.
அவருக்கு ஓயவில்லை.
ஒச்சம்மாதான் எழுந்து போனாள்,
சொம்புத் தண்ணீரை அவர் கையில் வைத்து
"பத்தொம்பது" என்றாள்,
மூட்டை எண்ணுகிற குரலில்.

இப்போது எனக்குத் தேங்காய்க் கடை.
லாபத்தில் தொடங்கி எண்ணிப் போடுகிறேன்.
பதினெட்டைத் தாண்டும் நேரம்
பக்கத்துக் கடை மா தீன் யீ,
தமிழில் அந்தப் பாட்டு ஒன்றுதான் தெரியும் அவளுக்கு,
மீனைத் திருப்பிப் போட்டபடி
எனக்காக இருமுகிறாள்.