மறுப்பு, மாலை ஐந்து ஐந்துக்கு

ஐந்து ஐம்பத்தெட்டு. நிலையத்தில்
குளிர்சாதனம் மட்டும் விழித்திருக்கிறது.
தமயந்திக்கு டெங்கி. அவள் பணியும் இன்று எனக்கே.
"வணக்கம், பசியாறிவிட்டீர்களா?" என்று
பசியாறாத நான் நாட்டைக் கேட்கிறேன்.
ஆறுக்குச் செய்தி. ஆறு பத்துக்குச் சாலை:
கூட்டரசு நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்து
முட்டைக்கோசு உருண்டு கிடக்கிறதாம்.
பிறகு வானிலை. பகலில் வெயில், மாலையில் இடி.
கோலாலம்பூருக்கு இதை ஒருமுறை எழுதி
வருடம் முழுக்க வாசிக்கலாம்.

ஆறு நாற்பதுக்கு மரண அறிவிப்பு.
வாட்சாப்பில் வந்த படிவம், கோணலான படம்.
"செந்தூல், தண்ணிமலை அங்கமுத்து, அறுபத்தொன்பது வயது.
இன்று மாலை நான்கு மணிக்கு, செராஸ் மின்சுடலையில்."
இதற்கென்றே என் குரல்
அரைச் சுருதி இறங்கும். இறங்கியது.

ஏழரைக்குத் தண்ணீர்த் தடை: எந்தத் தாமான், எத்தனை மணி.
எட்டுக்கு நீரிழிவு மருத்துவர்.
ரொட்டி சானாய் என்று அவர் வாயெடுத்ததும்
கண்ணாடிக்கு அப்பால் தொழில்நுட்பர் குணாளன்
கையிலிருந்ததை மேசைக்கடியில் வைத்தார்.
ஒன்பதரைக்குச் சட்ட ஆலோசனை.
சிவப்பு ஐசியோடு ஐம்பது வருடம் இங்கேயே கிடந்த ஒருத்தி
"அப்ப நான் எந்த ஊர்க்காரி சார்?" என்றாள்.
வழக்கறிஞர் ஒரு பாரத்தின் எண்ணைச் சொன்னார்.
நேரம் முடிந்தது.

பத்து பன்னிரண்டு. உள் தொலைபேசி.
"அம்மா, தண்ணிமலை பேசுறேன்."
எந்தத் தண்ணிமலை?
"காலையில நீங்க சாகடிச்சீங்களே, அவன்தான்."

படிவத்தைத் தேடி எடுத்தேன்.
மேல்வரி, அறிவிப்பவர். கீழ்வரிதான் இறந்தவர்:
பூபாலன். வாரிசு என்ற இடத்தில் ஒரு கோடு.

பத்தரைச் செய்தியிலேயே மறுப்பு வாசிக்கிறேன் என்றேன்.
எட்டு விநாடி சத்தமில்லாமல் போனால்
நிலையம் தானாகவே ஒரு வீணையைப் போட்டுவிடும்.
தொலைபேசிக்கு அந்த ஏற்பாடு இல்லை.
அவர் பேசாமலிருந்ததை முழுக்கக் கேட்டேன்.

"வேணாம்மா.
பூபாலனுக்கு ஆளு கெடையாது, என்கூட லாரி ஓட்டினவன்.
தூக்குறதுக்கு நானும் ஒரு பங்களாதேஷ் பையனும்தான்.
இப்பப் பாருங்க, செந்தூல்ல பாதி கெளம்பிருச்சு.
சங்கத்துல மாலை சொல்லிட்டாங்க.
எனக்குக் கடன் தரவேண்டியவன்கூட வர்றான்.
என் பேருக்கு வர்ற கூட்டம்
அவனத் தூக்கிட்டுப் போகட்டும்."

பிறகு, குரலைத் தாழ்த்தி,
"ஜொகூர்லேர்ந்து என் மகளும் வர்றா. பதினோரு வருஷம்.
ஆயர் குரோ தாண்டிட்டாளாம், மச்சான் சொன்னான்."
ஐயோ, அழுதுகொண்டே கார் ஓட்டுவாரே என்றேன்.
"கார் இல்லம்மா, பஸ்சு."

விதிப்புத்தகத்தில் ஒரே வரிதான்:
பிழை தெரிந்தால் அடுத்த செய்தியறிக்கையில் திருத்து.
பத்தரைக்கு நாடாளுமன்றத்தை வாசித்தேன்.
பன்னிரண்டுக்குச் செம்பனை விலை, டன்னுக்கு நாற்பது ரிங்கிட் சரிவு.
ஒன்றுக்குப் பள்ளிப் பிள்ளைகளின் பேச்சுப்போட்டி,
ஒரு பையன் பாதியில் மறந்து அழுதுவிட்டான், நேரலையில்.
மறுப்புத் தாள் ஒவ்வொரு மணிக்கும்
அடுக்கின் அடிக்குப் போய்க்கொண்டே இருந்தது.
குணாளன் பார்த்தார். கேட்கவில்லை.

நான்கு மணிக்கு நேரச் சமிக்ஞை, ஐந்து சிறிது, ஒன்று நீளம்.
அந்த நீளத்தில்
செராஸில் யாரோ தோளை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.
பிறகு இடி இடித்தது. வானிலை பலித்தது.

ஐந்து ஐந்து.
"காலை அறிவிப்பில் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம்.
காலமானவர் பூபாலன். தண்ணிமலை அவர்கள் நலம்."
அந்தக் கடைசிச் சொல் தாளில் இல்லை.

ஒன்பது நாற்பதுக்கு, கேட்போர் நேரத்தில்,
அதே எண்ணிலிருந்து அழைப்பு.
சட்டைப்பையில் அழுந்தியிருக்க வேண்டும், யாரும் பேசவில்லை.
கோப்பை உரசும் சத்தம், மழை, நாற்காலி இழுபடுவது,
நடுவே ஒரு பெண் மூச்சுவிடாமல்
யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.
ஒலிபரப்பில் விடவா என்று குணாளன் சைகை காட்டினார்.
வேண்டாம் என்று தலையசைத்து
காதில் மட்டும் வைத்திருந்தேன்,
வீணை தானாகத் தொடங்கும் வரை.