கைதான் சொல்லிற்று

உறைந்த ஏரியில் மீன்பிடித்துத் திரும்பிய
தௌனோ கொர்பேலா
காலுறையைக் கழற்றும்போதுதான் பார்த்தான்:
கட்டைவிரலில் தூண்டில் முள்.
எப்போது ஏறியதோ.
"வலிக்கவேயில்லை" என்றான்,
பரிசு வாங்கியவன்போல.

ஓலு ஆஸ்பத்திரியில்
நைலான் நுனியால் பாதத்தைத் தொட்டுத்தொட்டு
"இங்கே?" என்றாள் வியெனோ.
கூரையைப் பார்த்தபடி
தொடாதபோதும் இரண்டுமுறை ஆமென்றான்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ரத்தம் எடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து வந்தது எண்:
சர்க்கரை அரித்த நரம்பின் இழைகள்
நூல்பிரிந்து ரத்தத்தில் மிதக்கின்றன,
கண்ணுக்குத் தெரியாத பஞ்சாக.
போன கோடையிலேயே தொடங்கியிருக்குமாம்.
அப்போது அவன்
நள்ளிரவு வெயிலில்
வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்தான்.

அன்றிரவு நீராவி அறைக்குள் போகுமுன்
பலகையில் உட்கார்ந்து
இரண்டு பாதங்களையும் கையிலெடுத்தான்,
யாருடையதோ போல.
குளிர்ந்திருந்தன.
கைதான் சொல்லிற்று.