உங்கள் தலைதான் அது

ஆண்ட்வெர்ப் ரயில் நிலையத்தை ஒட்டிய
பெலிகான் தெருவில்
இது மூன்றாவது நடை.
முதல் நாள் மழை என்று திரும்பிவிட்டேன்.
இரண்டாம் நாள் மழை இல்லை.
அப்படியும் திரும்பிவிட்டேன்.

இன்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
விரலை மடக்கிக் கூப்பிட்டாள் ட்சியாலா.
ஜார்ஜியாவிலிருந்து வந்து இருபது வருஷமாம்.
இன்னமும் எங்கள் மொழியை
சொல் சொல்லாக
இடுக்கியால் எடுத்து வைக்கிறாள்.

விரல் அளவு கேட்டாள்.
சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்:
சைக்கிள் டியூபில் நறுக்கிய ரப்பர் வளையம்.
பட்டறையில் வேலைக்கு நடுவே வேர்லெ
விளையாட்டாக மாட்டிப் பார்த்துக்
கழற்றி எறிந்தது.
ட்சியாலா அதை இழுத்தாள், விட்டாள்.
"இது யானைக்கும் சேரும். எலிக்கும் சேரும்."
சிரித்து முடித்த பிறகுதான்
என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், வட்டம் வேண்டாம்.
பொழுது விடிந்தால் வட்டங்களோடு மல்லுக்கட்டுபவள் அவள்.
எந்தச் சக்கரமும் நேராக வந்ததில்லை அவளிடம்.
நீள்வட்டம், என்றேன்.

வெள்ளைத் தாள் விரிந்தது.
ஏழு கற்கள்.
ஏழும் ஒரே அச்சு என்று நினைத்தேன்.
கண் பழகியதும் ஒன்றுக்கொன்று ஒட்டுறவில்லை.
ஒன்று ஓடம்போல் ஒடுங்கிக் கிடந்தது.
ஒன்று தின்று கொழுத்தது.
ஒன்றின் இரு முனையிலும்
ஆறிப்போன தேநீரின் மஞ்சள்.
"நீள்வட்டம் விரலை நீளமாகக் காட்டும்."
வேண்டாம் என்று வாய் முந்திக்கொண்டது.

அந்த விரலின் நுனிக் கணு
பதினேழு வயதில்
சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே போயிற்று.
மிச்சத்தைத்தான் எனக்குத் தெரியும்.
அந்த மிச்சம்தான்
தூக்கத்தில் என் காது மடலைத் தேடிப் பிடிக்கும்.
அதைப் பொய் சொல்ல வைக்க நான் யார்?

ட்சியாலா ஒன்றும் சொல்லாமல்
நீளமான இரண்டைத் தாளைவிட்டு நகர்த்தினாள்.

ஐந்தாவது கல்லின் இடுப்பில் ஓர் இருட்டு.
பட்டாம்பூச்சி சிறகை விரித்தாற்போல
இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்.
"குறையா?"
"எல்லா நீள்வட்டத்திலும் உண்டு.
மிஞ்சினால் நான் விற்பதில்லை."
"உள்ளே என்ன இருக்கிறது?"
"ஒன்றுமில்லை. குனிகிறீர்கள்.
வெளிச்சம் மறைகிறது.
உங்கள் தலைதான் அது."

நிமிர்ந்தேன். இருட்டு மெலிந்தது.
குனிந்தேன். வந்து உட்கார்ந்தது.
நிமிர்ந்தேன்.
குனிந்தேன்.
பக்கத்தில் நின்ற ஜோடி சற்று ஒதுங்கியது,
பித்தனுக்கு வழிவிடுவதுபோல்.

ஐந்தாவதே இருக்கட்டும் என்றேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
வேறொன்றை எடுத்திருப்பேனோ என்னவோ.

விலையைச் சீட்டில் எழுதிக் கவிழ்த்துத் தள்ளினாள்.
துறைமுக மதகில் எனக்கு வேலை.
கப்பலுக்காகத் தண்ணீரை ஏற்றுவேன், இறக்குவேன்.
ஆறு மாதத் தண்ணீர்
அந்தச் சீட்டில் இருந்தது.

மோதிரம் கைக்கு வர மூன்று வாரம்.
அந்த வியாழக்கிழமை
பட்டறையில் ஒரே ஒரு விளக்கு.
மடியில் பஞ்சரான டியூபோடு வேர்லெ.
"அந்த டப்பால இருந்து ஒட்டு ஒண்ணு எடு."
திறந்தேன்.
உள்ளே எல்லாமே நீள்வட்டம்.
கறுப்பு ரப்பர், ஆரஞ்சு விளிம்பு,
பெரிசும் சிறிசுமாக.
"எது?"
"எதுவானா என்ன, ஓட்டைய மூடணும், அவ்வளவுதான்."

என்னால் ஒன்றை எடுக்க முடியவில்லை.
ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன்.
அவளே பிடுங்கிக்கொண்டாள்.
பசையைத் தடவிவிட்டு
"அஞ்சு நிமிஷம் காயணும், பேசாம இரு" என்றாள்.

பேசாமல் இருந்தேன்.
சட்டைப் பையில் அந்தப் பெட்டி
விலா எலும்பில் இடித்துக்கொண்டிருந்தது.
குனிந்து அவள் விரலையே பார்த்தேன்.
"தலைய எடேன்,
வெளிச்சத்த மறைக்கிறே."

நான் எடுக்கவில்லை.
பசை காய
இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.