இரண்டு வரிக்கான இடம்

திருகோணமலை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு படிவம்.
கணிதத்தில் சித்தி: போன வருடம் ஒன்பது,
இவ்வருடம் இருபத்திரண்டு.
கையாண்ட புதிய கற்பித்தல் முறை யாது?
எழுத இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

புதிய முறை ஒன்றும் இல்லை ஐயா.
அதே பைதகரஸ் தேற்றம், அதே வெண்கட்டி,
நாற்பதாவது நிமிடத்தில் தொண்டை கட்டும்
அதே நான்.

இறக்கக்கண்டிப் பாலத்துக்கு இப்பால் பள்ளிக்கூடம்.
குச்சவெளியிலிருந்து வரும் பஸ்
நேரத்துக்கு வந்ததாக யாருக்கும் நினைவில்லை.
ஏழரைக்குக் கேற் பூட்டப்படும்.
பிறகு வரும் பதினொரு பேர்
வேலிக்கு வெளியே, உப்புக்காற்றில்,
முதலாம் பாடம் முடியும்வரை நிற்பார்கள்.
முதலாம் பாடம் எப்போதும் கணிதம்.

காலையில்தான் மூளை வேலை செய்யும் என்று
நேரசூசி போட்டவர்கள் நம்பினார்கள். நானும்.
அந்தப் பதினொரு பெயருக்கும் நேரே
'கவனயீனம்' என்று சிவப்பில் எழுதியது நான்தான்.
அதைப் படிவத்தில் கேட்கவில்லை.

புள்ளிவிபரவியல் படிப்பித்த கிழமை
இடை காண உதாரணம் கேட்டேன்.
கிரிக்கெட் ஓட்டங்கள் வருமென்று பார்த்தேன்.
சஸ்னா கொப்பியைத் திறந்தாள்:
இருபது நாள், பஸ் பிந்திய நிமிடங்கள்.
இடை பதினேழு.
"வெளியில நிண்ட நேரத்தையும் கூட்டட்டா டீச்சர்?"
அவள் பஸ்ஸில் வருகிறவள் அல்ல.
பாலத்தடியில் வீடு, முதல் மணி கேட்டுப் புறப்பட்டாலும்
வந்து சேர்ந்துவிடுவாள்.

மறுநாள் வகுப்பில் வாங்குகள் மட்டும்.
முப்பத்தொரு பேரும் கேற்றுக்கு வெளியே.
கோஷமில்லை, பதாகை இல்லை.
சைக்கிள் கரியரில் கொப்பியை விரித்து
கேதாரணி வீட்டுக்கணக்கை
இம்தாதுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
சரியாகத்தான் சொன்னாள்.
நான் சொன்னதைவிடக் கொஞ்சம் சுருக்கமாக.

அதிபர் வந்தார். பார்த்தார். திறப்பைத் தேடினார்.
அது அவருடைய சேட்டுப் பையிலேயே இருந்தது.

கணிதம் மூன்றாம் பாடமாயிற்று.
அவ்வளவுதான்.
ஆனால் அதற்குப் பிறகு, எவராவது வராத நாளில்
இடாப்பைத் திறக்க முதலே காரணம் வந்துவிடும்:
தகப்பனின் வள்ளம் கரைக்கு வரவில்லை,
தங்கச்சிக்குக் காய்ச்சல்,
"அவன்ர கொப்பி என்னட்ட இருக்கு, நான் எழுதிக் குடுக்கிறன்."
பலகையில் பிழை விட்டவனைப் பார்த்துச் சிரிப்பது
எப்போது நின்றதென்று திகதி குறிக்கவில்லை.
குறித்திருக்க வேண்டும்.

இருபத்திரண்டில் மிதுர்ஷன் இல்லை.
அவனுக்கு டபிள்யூ.
பெறுபேறு வந்த அன்று எல்லோருக்கும் முதல் வந்து
மற்றவர்களின் சுட்டெண்ணைத் தேடித் தேடி
உரத்து வாசித்தவன் அவன்தான்.
நேற்று வாசலில் வந்து நிற்கிறான்:
"திரும்ப எழுதப் போறன் டீச்சர்.
பழைய வாங்கிலயே இருக்கட்டா?"

அவனை எந்த வரியில் எழுதுவது?
படிவத்தைத் திருப்பி
வெறும் பக்கத்தில் தொடங்குகிறேன்:
ஐயா, குச்சவெளி பஸ்
பதினேழு நிமிடம் பிந்தும்.